எதில் செய்தது?

சின்ன வயதில் பாண்டிச்சேரியில் எங்கள் தெருமுனையில் ஒரு தச்சுப் பட்டறை. தகரக் குவளையில் எப்போதும் வச்சிரம் உருகிக்கொண்டிருக்கும். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. அந்த நாற்றம் என் சட்டையோடு பள்ளிக்கூடம் வரை வரும். நான் படித்தது பிரெஞ்சு வழியில். அதில் பசைக்கு 'கோல்' என்று பெயர். கொலாஜன் என்ற சொல்லும் அதே கிரேக்க வேரிலிருந்துதான் வந்தது, 'பசை தருவது' என்று பொருள். இது எனக்கு உறைக்க ஐம்பது வருடம் ஆயிற்று.

ஆறு வருடத்துக்கு முன் என் மனைவிக்குக் காலில் புண். சர்க்கரை உள்ள வீட்டுக்காரர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். மூன்று மாதமாக ஆறவில்லை. விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் மெல்லிய தாள் போல ஒன்றைப் புண்ணின் மேல் பரப்பினார். கொலாஜன் சீட். வெளியே நர்சம்மாவிடம் எதில் செய்தது என்று கேட்டேன். "மாட்டுல எடுக்கிறதுதான் சார்."

என் மனைவி சுத்த சைவம். காரைக்குடியில் பிறந்தும் பக்கத்து வீட்டுக் கோழிக் குழம்பு வாசத்துக்கு ஜன்னலைச் சாத்துபவள். "என்னங்க, அது என்ன தாளு?" என்றாள். "புண்ணு ஆறுற தாளு" என்றேன். முப்பத்தைந்து வருட குமாஸ்தா உத்தியோகத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதிப் பழகியவன் நான். புண் ஆறியது, விரலும் தப்பியது.

அந்தக் கொலாஜன் மூன்று பிரி முறுக்கிய கயிறு போன்றது என்று கண்டு சொன்னவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். 1954, 55-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கங்காரு வால் தசைநாரை வைத்து ஆராய்ந்தார்களாம்! கொதிக்க வைத்தால் கயிறு பிரியும். ஆறினால் அங்கங்கே மறுபடி முறுக்கிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மார்கழிக் காலையில் ஆட்டுக்கால் சூப் உறைவதும் இதனால்தான்.

போன மாதம் பேத்தி வந்திருந்தாள். அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறாள். "இப்ப மிருகமே வேண்டாம் தாத்தா" என்றாள். பதினாறே அமினோ அமிலங்களை ஆய்வகத்தில் வரிசையாகக் கோத்த குட்டிப் புரதத் துண்டு. பெப்டைடு என்று பெயர். ஒரு பக்கம் தண்ணீரை நாடும், மறுபக்கம் தண்ணீரை விட்டு ஓடும். நாடும் பக்கத்தில் நேர், எதிர் மின்னூட்டங்கள் மாறி மாறி இருக்கும். உப்புப் பட்டதும் துண்டுகள் காந்தம் போலத் தாமாகவே ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து நுண்ணிய இழைகளாகி, வலையாகித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். சூடு வேண்டாம், பசை வேண்டாம். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் சுகுவாங் ஷாங் என்பவர் ஈஸ்ட் புரதம் ஒன்றை ஆராயப்போய் இந்த வகையைக் கண்டுபிடித்தார், 1993-இல் வெளியிட்டார். இப்போது அறுவை சிகிச்சையில் ரத்தக் கசிவை நிறுத்தப் பயன்படுகிறது. ரத்தம் பட்டதும் கூழாகிவிடும். கண்ணாடி போல இருப்பதால் கசிவது எங்கே என்று டாக்டருக்கும் தெரியும்.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "அப்ப எனக்கு வச்சது எதுல செஞ்சது?"

பேத்தி என்னைப் பார்த்தாள். சொல்லிவிட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆறு வருஷமா சொல்லலையே" என்றாள். அவ்வளவுதான். சாயங்காலம் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் இரண்டு கட்டு அகத்திக்கீரை வாங்கி ஒரு பசுவுக்குக் கொடுத்தாள். எனக்கு மறுநாள் காலை வரை காபி கிடைக்கவில்லை.