திரும்ப வைக்கும் வித்தை

துப்பாக்கியை வேகமாக உருவக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டுதான் எல்லாரும் வருகிறார்கள். ஹூஸ்டனின் மேற்குப் புறநகர்களில் நம்மவர்கள் பெருகிவிட்டதால், என் வார இறுதி வகுப்புகளில் தமிழும் அடிக்கடி காதில் விழுகிறது. மென்பொருள்காரர்கள், மருத்துவர்கள், நள்ளிரவு வரை கேஸ் ஸ்டேஷன் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கள், கணவர் வெளியூரில் வேலை பார்க்கப் பிள்ளைகளோடு தனியாக இருக்கும் பெண்கள். அத்தனை பேர் மனதிலும் சினிமாவில் பார்த்த அந்த உருவல்தான் இருக்கிறது. நான் முதல் பாடமாக எடுப்பது அதன் மறுபாதியை: உருவிய துப்பாக்கியை ஹோல்ஸ்டர் என்னும் உறைக்குள் திரும்ப வைப்பது.

உருவும்போது துப்பாக்கியின் வாய் உடம்பை விட்டு விலகிப் போகிறது. திரும்ப வைக்கும்போது உடம்பை நோக்கி வருகிறது. இடுப்பின் முன்பக்கம் வைத்துக்கொள்பவர்களுக்கு அது தொடையின் பெரிய ரத்தக்குழாய் ஓடும் இடம். இன்றைய கைத்துப்பாக்கிகள் பலவற்றில் விரலால் தள்ளிவிடும் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. டிரிக்கர் அழுந்தினால் வெடிக்கும்; அழுத்தியது விரலா துணியா என்று அதற்குத் தெரியாது. நீட்ட மறந்த விரல், சட்டை நுனி, ஜாக்கெட்டின் இடுப்புக் கயிற்றில் தொங்கும் முடிச்சு, எது டிரிக்கர் வளையத்துக்குள் நுழைந்தாலும் போதும். பழைய தோல் உறைகளில் இன்னொரு வம்பு உண்டு. வருஷக்கணக்கில் வியர்வையில் ஊறித் தளர்ந்த தோல், வாய்ப்பகுதியில் உள்பக்கமாக மடியும். அந்த மடிப்பே விரலின் வேலையைச் செய்துவிடும். டிரிக்கரை முழுக்க மூடும், கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறையையும், தொய்யாத தடித்த பெல்ட்டையும் நான் வற்புறுத்துவது அதனால்தான். துப்பாக்கிக்கு ஆயிரம் டாலர் கொடுத்தவர் உறைக்கு இருபது டாலரில் பேரம் பேசுவதை இன்றும் பார்க்கிறேன்.

சுட்டு முடித்ததும் துப்பாக்கியை மார்புக்கு முன்னால், வாய் எதிர்த்திசையைப் பார்த்தபடி கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஆள்காட்டி விரல் டிரிக்கருக்கு மேலே, சட்டத்தோடு ஒட்டி நீண்டிருக்க வேண்டும். சுற்றும் முற்றும் பார்த்து, மூச்சு விட்டு, மற்றக் கையால் சட்டையை நெஞ்சு வரை சுருட்டிப் பிடிக்க வேண்டும். பிறகு குனிந்து உறையின் வாயைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காமலே வைக்கப் பழகு என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எதிரி இன்னும் நிற்கிறான் என்றால் துப்பாக்கியை உள்ளே வைக்கும் நேரமே அது இல்லை. எதிரி இல்லை என்றால் குனிந்து பார்ப்பதில் என்ன நஷ்டம்? இடுப்பைச் சற்று முன்னால் தள்ளிக்கொண்டால் துப்பாக்கியின் வாய் தொடையை விட்டு வெளிப்பக்கம் திரும்பும். கட்டைவிரலைப் பின்புறம் அழுத்தியபடி மெதுவாக இறக்க வேண்டும். எங்காவது தட்டினால் அழுத்தக் கூடாது. வெளியே எடுத்து, என்னவென்று பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

“அண்ணா, இவ்வளவு மெதுவா வச்சா எப்படி?” என்று ஒரு பையன் கேட்டான்.

“சுட்டு முடிச்சாச்சே தம்பி, இனிமே யாருக்கு அவசரம்?” என்றேன். சிரித்தான். அடுத்த முறையும் வேகமாகத்தான் வைத்தான். இரண்டு மணி நேரம் வெறும் துப்பாக்கியோடு அதையே செய்ய வைத்த பிறகுதான் கை அடங்கியது.

வெறும் துப்பாக்கிப் பயிற்சியை வீட்டிலும் செய்யலாம், செய்ய வேண்டும். ஆனால் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. துப்பாக்கி காலி என்று கண்ணால் பார்த்தது போதாது, தோட்டா ஏறும் குழிக்குள் சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்க்க வேண்டும். 1976-இல் அரிசோனாவில் துப்பாக்கிப் பள்ளி தொடங்கிய ஜெஃப் கூப்பர் சொன்ன நான்கு விதிகளை இங்கே எல்லாப் பயிற்சியாளர்களும் ஓதுகிறோம். எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை; அழிக்கத் துணியாத எதன் மேலும் அதன் வாய் படாதிருக்கட்டும்; குறி கூடும் வரை விரல் டிரிக்கரைத் தொடக் கூடாது; எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் உரிமம் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கான வகுப்பில் சட்டம் சொல்லித் தருகிறார்கள், அது எங்கேயும் உதவும். சுடும் தேர்வு கடினமல்ல. 3, 7, 15 கெஜத் தொலைவுகளிலிருந்து 50 தோட்டா. 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அந்தத் தேர்வில் உறையிலிருந்து உருவவும் வேண்டாம், திரும்ப வைக்கவும் வேண்டாம். இந்தக் கலையின் ஆபத்தான பாதியைச் சோதிக்காமலே அரசு சான்றிதழ் கொடுத்துவிடுகிறது.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. பணி விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. விலக்குகள் சில உண்டு. வக்கீலிடம் கேட்காமல் அவற்றை நம்பி இறங்க வேண்டாம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை. கடை வாசல்களில், துப்பாக்கியோடு வராதே என்று சொல்லும், 30.05, 30.06, 30.07 என்று எண் போட்ட பலகைகள் இருக்கும். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஒரு அங்குல எழுத்தில் எழுதியிருப்பார்கள். வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவில் வரும் இடங்களில் 51 என்று சிவப்பில் போட்டிருக்கும். அங்கே உரிமம் இருந்தாலும் துப்பாக்கியோடு நுழைய முடியாது. கோயில்களும் வேண்டாமென்று பலகை வைக்கலாம். என்னைக் கேட்டால், கோயிலுக்குப் போகும் நாளில் பலகையைத் தேடவே தேவையில்லை. வேட்டியில் ஹோல்ஸ்டர் நிற்காது.

புடவைக்கும் அதே பிரச்சினை. அதனால் பெண்கள் பலர் கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். டெக்சாஸ்காரர்களுக்கு மறைத்துச் சுமக்கும் உரிமை வந்த கதையே ஒரு கைப்பையைச் சுற்றியது. 1991 அக்டோபர் 16, கில்லீன் ஊரில் லூபிஸ் உணவகத்துக்குள் பிக்கப் வண்டியை மோதி நுழைந்த ஒருவன் 23 பேரைக் கொன்றான். சாப்பிட வந்திருந்த சுசானா ஹப் தன் பைக்குள் கைவிட்டார். துப்பாக்கி அன்றைய சட்டத்துக்குப் பயந்து காரில் கிடந்தது. பெற்றோர் இருவரையும் அங்கேயே இழந்தார். அவர் ஊர் ஊராகச் சாட்சி சொன்னதும் சேர்ந்துதான் 1995-இல் சட்டம் வந்தது. ஆளுநராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டார். துப்பாக்கி ஆதரவாளர்கள் இந்தக் கதையைச் சொல்லாத மேடை இல்லை.

நான் அதோடு இன்னொரு கதையையும் சேர்த்துச் சொல்வேன். 2014 டிசம்பர் இறுதியில் ஐடஹோ மாநிலத்தின் ஹெய்டன் ஊரில் ஒரு பெரிய கடை. இளம் தாய் ஒருவர் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். தள்ளுவண்டியில் இரண்டு வயது மகன். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த கைப்பை அவன் எட்டும் தூரத்தில் இருந்தது. குழந்தை ஜிப்பைத் திறந்து எடுத்துச் சுட்டதில் தாய் அங்கேயே இறந்தார். உரிமம் வைத்திருந்தவர், துப்பாக்கியோடு வளர்ந்தவர். பையை நாம் நாற்காலியில் வைப்போம், தோழியிடம் கொடுப்போம், பிடுங்குகிறவன் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். உடம்போடு ஒட்டி இருக்க முடியாத உடையில் இருக்கிறீர்களா, அன்றைக்குத் துப்பாக்கி வீட்டில் பூட்டில் இருக்கட்டும்.

கழிவறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், கூச்சப்பட்டால் ஆகாது. பொதுக் கழிவறைகளில் துப்பாக்கியை மறந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், போலீஸ்காரர்கள் உட்பட. கதவுக் கொக்கியில் மாட்டுவார்கள், தண்ணீர்த் தொட்டி மேல் வைப்பார்கள். உறையை விட்டு எடுக்கவே கூடாது. இறக்கிய கால்சட்டையின் நடுவில், இரண்டு பாதங்களுக்கு இடையில், உறையோடு கிடக்க வேண்டும். எழுந்தால் கூடவே எழும்.

இரவில் வீட்டுக்கு வந்ததும் தோட்டாவை எடுப்பது, காலையில் போடுவது என்ற பழக்கம் ஜாக்கிரதையாகத் தோன்றும். தோட்டா ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் கை தவற ஒரு வாய்ப்பு. அதோடு, ஒரே தோட்டாவை மறுபடி மறுபடி ஏற்றினால் ஈயக்குண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பித்தளைக் குப்பிக்குள் அழுந்திப் போகும்; அப்படிப்பட்டதைச் சுட்டால் உள்ளே அழுத்தம் எகிறும். நான் உறையோடு சேர்த்துக் கழற்றி, அப்படியே விரல் குறியில் திறக்கும் இரும்புப் பெட்டிக்குள் வைக்கிறேன். “எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வை” என்று அம்மா கத்தரிக்கோலுக்குச் சொன்னதுதான். டெக்சாஸ் சட்டப்படி 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டாவோடு துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டு, அது பிள்ளை கைக்குப் போனால் குற்றம். காரின் முன்பெட்டியில் விட்டுவிட்டு வருவது திருடனுக்கு வைக்கும் மொய்.

சுட நேர்ந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உயிரைக் காப்பது திரும்ப வைக்கும் பழக்கம்தான். 2021 ஜூனில் கொலராடோவின் ஆர்வாடாவில் போலீஸ்காரரைக் கொன்ற ஒருவனைத் துணிந்து சுட்டு வீழ்த்தினார் ஒரு பொதுஜனம். பிறகு வந்த போலீஸ் அவரையே சுட்டுக் கொன்றது. கொலைகாரனின் ரைஃபிள் அப்போது அவர் கையில் இருந்தது. வருகிற போலீஸுக்கு நீங்கள் யார் என்று தெரியாது. துப்பாக்கியோடு நிற்கும் ஆள், அவ்வளவுதான். ஆபத்து தீர்ந்ததும் உறைக்குள் வையுங்கள், 911-ஐ நீங்களே முதலில் அழையுங்கள், என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், வெறும் கைகளைத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

என் இடது பையில் எப்போதும் ஒரு டூர்னிகே இருக்கிறது. கை காலில் ரத்தம் பீறிட்டால் காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மேல் படாமல் சுற்றி, அதிலுள்ள கோலைத் திருகி, ரத்தம் நிற்கும் வரை இறுக்குவது. வலியில் கத்துவார்கள், தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தைக் குறித்து வைத்து, அவிழ்ப்பதை மருத்துவமனைக்கு விட்டுவிட வேண்டும். மலிவு விலையில் போலிகள் ஏராளம்; திருகும்போது கோல் வளைந்துவிடும். துப்பாக்கி வேண்டாம் என்று முடிவு செய்து போகிறவர்களுக்கும் இதை மட்டும் கற்றுக்கொடுத்துத்தான் அனுப்புகிறேன். தொழிற்சாலையிலும் நெடுஞ்சாலையிலும் இதற்குத்தான் வேலை அதிகம்.

2021 பிப்ரவரியில் பனி வந்து, டெக்சாஸில் 45 லட்சம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் போனபோது, ஒரு துப்பாக்கியாலும் ஒன்றும் ஆகவில்லை. அரசுக் கணக்கில் மட்டும் 246 பேர் இறந்தார்கள். குளிரில் போனவர்கள் பெரும்பாலோர். கராஜுக்குள் காரை ஓடவிட்டும், வீட்டுக்குள் கரி மூட்டியும் கார்பன் மோனாக்சைடு வாயுவில் போனவர்களும் உண்டு. அப்போது உதவுபவை வேறு: ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் தண்ணீர், தலையில் மாட்டும் விளக்கு, புகை எச்சரிக்கைக் கருவிக்கு மாற்று பேட்டரி, வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வைக்கும் ஜெனரேட்டர். இதிலும் மறுபாதிதான் தவறுகிறது. புயல் போனதும் அவசரகாலப் பெட்டியை மறுபடி நிரப்புகிறவர்கள் குறைவு. பேரன் பொம்மைக்கு எடுத்த பேட்டரி திரும்பி வருவதில்லை, ஜெனரேட்டரில் விட்ட பெட்ரோல் கெட்டுப் பிசினாகிறது.

வகுப்புக்கு வருகிறவர்களில் சிலரிடம் நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதுண்டு. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் ஒருவர் மனம் உடைந்து கிடக்கும் காலத்தில், அது நீங்களாகவே இருந்தாலும், துப்பாக்கி அந்த வீட்டில் இருக்கக் கூடாது. புதிதாக வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால், சட்டப்படி வைத்திருக்கத் தகுதியுள்ள நண்பரிடமோ, பாதுகாத்துக் கொடுக்கும் துப்பாக்கிக் கடையிலோ ஒப்படையுங்கள். மனம் உடைந்தவர்களுக்கு உதவும் 988 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.