ஒரு பெட்டிச் செய்தி, இரண்டு தண்டவாளம்: ராஜேஷ்குமாரின் க்ரைம் நாவல்களும் குரங்கணி மலையின் இரவு வாசகர்களும்

ஏலக்காயைப் பறித்தால் மட்டும் போதாது, உலர்த்த வேண்டும். போடிநாயக்கனூருக்கு மேலே இருக்கும் எஸ்டேட்களில் அதற்கென்றே 'ஸ்டோர்' உண்டு. பச்சைக்காய் நிறம் மாறாமல் காய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். சூடு ஏறினால் காய் வெளுக்கும், இறங்கினால் பதம் கெடும். அதனால் விறகு அடுப்பு எரிந்த காலத்தில், இரவு முழுக்க ஒரு ஆள் விழித்திருந்தாக வேண்டும். டிவி எட்டாத, செல்போன் வராத அந்த மலையில் விடியும் வரை ஒருவர் என்னதான் செய்வார்?

பலரும் செய்தது ஒன்றுதான். போடி பஸ் ஸ்டாண்ட் கடையில் கயிற்றில் தொங்கிய பாக்கெட் நாவல் ஒன்றை வாங்கி, குரங்கணி பஸ் ஏறும்போதே இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள். ஓர் இரவுக்கு ஒரு நாவல். மறுநாள் அது அடுத்த ஸ்டோருக்குக் கை மாறும். அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமல் போகும் வரை மலையில் சுற்றும். கொலைகாரன் யார் என்று தெரியாமல் தவிப்பவருக்கு, முன்பே படித்தவர் வாயால் சொன்னால்தான் உண்டு. அந்த நாவல்களில் பெரும்பாலும் இருந்த பெயர் ராஜேஷ்குமார்.

1947-ல் கோவையில் பிறந்தவர். இயற்பெயர் ராஜகோபால். 1960-களின் இறுதியில் சிறுகதையோடு எழுத வந்தார். 1980-களில் ஜி.அசோகனின் 'க்ரைம் நாவல்' மாத இதழ் அவர் பெயரைத் தமிழ்நாட்டின் எல்லா பஸ் ஸ்டாண்டுகளுக்கும் கொண்டுபோனது. இதுவரை எழுதியவை 1,500 நாவல்களுக்கும் மேல், சிறுகதைகள் 2,000 என்கிறார்கள். ஒரு சின்னக் கணக்கு: 45 வருடத்தில் 1,500 என்றால் வருடத்துக்கு 33. மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று. 'மூடு வரட்டும்' என்று காத்திருப்பவர்களுக்கு இது சாத்தியமே இல்லை.

அப்படியானால் கதைக்கு எங்கே போவார்? அவர் பேட்டிகளில் திரும்பத் திரும்ப வரும் பதில், செய்தித்தாள். தலைப்புச் செய்தியை எல்லோரும் படித்துவிடுவார்கள். கதை ஒளிந்திருப்பது மூலையில் நாலு வரியில் முடிந்துபோகும் பெட்டிச் செய்தியில். மருத்துவம், தடயவியல், புது விஞ்ஞானம் என்று படித்ததெல்லாம் விவேக் வாய் வழியாக நாவலுக்குள் வந்துவிடும். க்ரைம் பிராஞ்ச் அதிகாரி விவேக், மனைவி ரூபலா, உதவியாளர் விஷ்ணு. விஷ்ணுவுக்கு விவேக் விளக்கும்போதெல்லாம் உண்மையில் பாடம் கேட்டது வாசகர்தான். டி.என்.ஏ சோதனை என்றால் என்ன என்பதைப் பள்ளிக்கூடத்தில் தெரிந்துகொண்டவர்களைவிட, இப்படித் தெரிந்துகொண்டவர்கள் அந்தத் தலைமுறையில் அதிகம் இருப்பார்கள்.

இரண்டாவது ரகசியம், 'இரண்டு தண்டவாளம்'. முதல் அத்தியாயம் கோவையில் ஒரு குடும்பத்தில் தொடங்கும். இரண்டாவது, சம்பந்தமே இல்லாமல் சென்னையில் வேறு யாரோ ஒருவரோடு. மூன்றில் மறுபடி கோவை. இரண்டும் எங்கே சேரும் என்ற கேள்விதான் அடுத்த பக்கத்தைப் புரட்ட வைக்கும். படிக்க இது சுலபம். எழுத அப்படியில்லை. இரண்டு கதைகளின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். சேரும் இடம் முதல் வரி எழுதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்கான துப்பு வாசகர் கண் முன்னாலேயே கிடக்க வேண்டும், ஆனால் கண்ணில் படக் கூடாது. அடுப்பைப் பார்க்க நடுவில் எழுந்து போகிறவருக்கு இந்தச் சின்னச் சின்ன அத்தியாயங்கள் எவ்வளவு வசதி என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இலக்கிய விமர்சகர்கள் இந்த வசதியையே குறையாகச் சொன்னார்கள். அரை மணி நேரம் மட்டுமே கையில் இருக்கும் வாசகரை மதித்து எழுதுவதும் ஒரு மரியாதைதான்.

தமிழில் இந்த வழி நீளமானது. வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆரணி குப்புசாமி முதலியாரும் ஆங்கில நாவல்களைப் படித்துத் தமிழுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுத்தார்கள். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்குத் தேநீர் இல்லாமல் துப்பு துலங்காது. (மூணாறு டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் குரங்கணிப் பக்கம் கொட்டகுடிக்கு ஒரு காலத்தில் இறங்கியதும் தேயிலைதான்!) பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே கணேஷ் - வசந்தை எழுதிய சுஜாதா, கம்ப்யூட்டர் புத்தகத்தையும் புறநானூற்றையும் ஒரே ஆர்வத்தோடு படித்தவர். மதுரையிலிருந்து எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் சித்தர், கோயில், மூலிகை என்று வேறு பக்கம் போனார். யாரை எடுத்தாலும், எழுதியதைவிடப் படித்தது அதிகம்.

ஆனால், செய்தியிலிருந்து கதை எடுக்கும் இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. அது எங்கே என்பது குரங்கணிக்காரர்களுக்குத் தெரியும். 2018 மார்ச் 11 அன்று அவர்கள் ஊர்ப் பெயரே தலைப்புச் செய்தி ஆனது. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னை, ஈரோடு, திருப்பூரிலிருந்து வந்தவர்கள். 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. காயம்பட்டவர்களைத் தூக்கிவர, இருட்டில் டார்ச்சோடு மேலே ஏறியவர்களில் உள்ளூர் மக்களும் உண்டு. பகலில் ஏலக்காய் மூட்டை சுமந்த தோள்கள் அவை.

தீயை வைத்தது யார்? அனுமதி கொடுத்தது யார்? பாக்கெட் நாவலாக இருந்தால் கடைசி அத்தியாயத்தில் விவேக் வந்து, ஒவ்வொருவராகப் பார்த்து, விடையைச் சொல்லிவிடுவார். இங்கே வந்தது அரசு அமைத்த விசாரணை, சாட்சிகள், அறிக்கை, மலையேற்றத்துக்குப் புது விதிகள். ஊருக்குள் அந்த இரவைப் பற்றி இன்றும் யாரும் சுவாரஸ்யத்துக்காகப் பேசுவதில்லை. குற்றக்கதை எழுதுகிறவர் பெட்டிச் செய்தியின் பெயரையும் ஊரையும் அடையாளம் தெரியாமல் மாற்றுவது வழக்குக்குப் பயந்து மட்டுமல்ல என்பது இங்கே வந்தால் புரியும். நாலு வரிச் செய்திக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்காரரும் பஸ் ஸ்டாண்டில் நாவல் வாங்குகிறவராக இருக்கலாம்.

இப்போது பஸ் ஸ்டாண்ட் கடைகளில் நாவல் தொங்கிய கயிற்றில் சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பு சாஷேயும் தொங்குகின்றன. 2010 இறுதியில் நின்றுபோன போடி ரயில் 2023 ஜூனில் அகலப்பாதையில் திரும்பி வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் கையில் போன். ராஜேஷ்குமாரும் அங்கே போய்விட்டார், அவர் நாவல்கள் மின்நூலாகக் கிடைக்கின்றன. குரங்கணி தாண்டி மேலே ஏறினால் சிக்னல் போய்விடும். முன்பே இறக்கி வைத்திருந்தால் கவலையில்லை, கடைசிப் பக்கமும் கிழியாமல் இருக்கும். சார்ஜ் மட்டும் விடியும் வரை தாங்க வேண்டும்.