நெய்வேலியில் கண்ட காடு

ஹஜ்ஜுக்குச் சென்று மதீனா மாநகரையும் தரிசித்து வந்தோர், அந்நகரைச் சூழ்ந்து கிடக்கும் கருங்கற் பரப்பைக் கண்டிருப்பர். வெந்து கருகியது போன்ற அந்நிலத்தை அரபு மொழியில் 'ஹர்ரா' என்பர். வெப்பத்தைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த இடமே ஹர்ரா. ஹிஜ்ரி 654இல், அதாவது கி.பி. 1256இல், மதீனாவுக்கு அருகே பூமி பிளந்து 52 நாட்கள் நெருப்புக் குழம்பைக் கக்கியது. அக்குழம்பு 23 கிலோமீட்டர் தூரம் ஓடியதென ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர்.

நம் நாட்டில் இன்றும் கனன்று கொண்டிருக்கும் எரிமலை அந்தமானிலுள்ள பாரன் தீவு ஒன்றே. தமிழகத்தில் அத்தகைய மலை இல்லை. ஆயினும், பூமியின் உள்ளே இருந்தது வெளியே வந்து குன்றாகக் குவிந்த காட்சியைக் காண விழைவோர் நெய்வேலிக்கு வரலாம். அங்கே நெருப்பு செய்ததை இங்கே மனிதனின் கை செய்திருக்கிறது.

நகரியத்துக்கு அண்மையிலுள்ள மத்ரஸா ஒன்றில் ஃபிக்ஹும் அரபு இலக்கணமும் போதித்து வருகிறேன். சென்ற தை மாதத்தில், மேல் வகுப்பு மாணவர் எண்மரை உரிய அனுமதியுடன் சுரங்கம் காண அழைத்துச் சென்றேன். சுரங்கம் என்றவுடன் இருண்ட குகையை எதிர்பார்த்திருந்த பிள்ளைகள், வானம் பார்த்துத் திறந்து கிடந்த அந்தப் பெரும்பள்ளத்தின் விளிம்பில் பேச்சற்று நின்றனர். அடுக்கடுக்காய்ச் சிவப்பு மண், வெள்ளைக் களிமண், மணற்கல்; அனைத்துக்கும் கீழே கரிய கோடாக நிலக்கரி. சக்கரத்தில் வாளிகள் பொருத்திய இராட்சத இயந்திரங்கள் மண்ணை வாரிப் பட்டைகளில் கொட்டிய வண்ணம் இருந்தன. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை அகற்ற வேண்டுமாம். கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைக்க வேண்டும். இல்லையேல் அது சுரங்கத்தின் தரையைப் பிளந்து கொண்டு மேலே பாய்ந்துவிடும்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிவந்ததே இத்தனைக்கும் தொடக்கம். 1956இல் அரசு நிறுவனம் உருவாயிற்று. 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது; 1962இல் மின்சாரம் பிறந்தது. அந்த முதல் மின்நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. ஏனையவை இயங்குகின்றன.

கரித்துண்டு ஒன்றை மாணவர் கையில் கொடுத்தேன். பழுப்பு நிறம், மரத்தின் நார் போன்ற வரிகள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தழைத்திருந்த காடு அது. "அரபியில் இதன் பெயர் என்ன?" என்று கேட்டேன். "ஃபஹ்ம், ஹஜ்ரத்" என்றான் ஒருவன். "விளக்கம் என்பதற்கும் ஃபஹ்ம்தானே?" என்றான் மற்றொருவன். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே; அரபியிலோ நடுவிலுள்ள ஹகரம் வேறு வேறு. கரியைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கத்தைத் தேடுகிறோம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

பின்னர், அகழ்ந்த மண் குவிந்த மேட்டுக்குச் சென்றோம். ஆழத்திலிருந்து வந்த மண்ணில் உரச்சத்து கிடையாது. முதலில் புல்லும் முளைக்காது. தொழுவுரம் இட்டு, பயறு இனச் செடிகளை வளர்த்து, பிறகு மரங்களை நட்டுக் காடாக்கியிருக்கின்றனர். மயில் ஒன்று தோகையை இழுத்தபடி எங்கள் பாதையைக் கடந்தது. கீரி ஒன்று புதருள் மறைந்தது. குளத்தோரம் கொக்குகளும் நீர்க்காகங்களும் அமர்ந்திருந்தன. மனம் குளிர்ந்தது. வல்ல இறைவனைப் புகழ்ந்தோம்.

அங்கே ஆடு மேய்த்துக் கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களோடு பேச வந்தார். சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். "உங்கள் ஊர் எது, பெரியவரே?" என்றேன். பள்ளத்தின் நடுவெளியைக் கை நீட்டிக் காட்டினார். "அதோ, அந்தப் பருந்து சுத்துது பாருங்க பாய், அதுக்குக் கீழேதான் எங்க தெரு. இப்ப தரையே இல்லை." பணம் கிடைத்ததையும், வேலை கிடைத்ததையும், அந்த வேலையால் மகளைப் படிக்க வைத்ததையும் மறைக்காமல் சொன்னார். குறை ஏதும் கூறவில்லை. பருந்தையே பார்த்துக் கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் மாணவன் ஒருவன் கேட்டான்: "ஹஜ்ரத், வெட்டிய இடத்தில் காடு வந்துவிட்டது. கணக்குத் தீர்ந்ததா?"

ஃபிக்ஹு நூல்களில் ஈடு செய்தலைப் பற்றிய பாடம் உண்டு. பிறர் பொருளை அழித்தவன், அது கோதுமை போல் நிகருள்ள பொருளாயின் நிகரையே கொடுக்க வேண்டும். ஆடு மாடு போல் ஒன்றுக்கொன்று வேறுபடுவதாயின் விலையைக் கொடுக்க வேண்டும். மரத்துக்கு மரம் நிகராகலாம். நிலத்துக்கு விலை உண்டு. முதியவரின் தெருவுக்கு? 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்க விரிவாக்கத்தின் பொருட்டுப் பயிர் நின்ற வயலின் ஊடே கால்வாய் வெட்டப்பட்டபோது எழுந்த குரலை நாடறியும். ஒருகாலத்தில் இவ்வட்டாரத்தில் தானே பொங்கி வழிந்த ஆழ்கிணறுகள் இன்று பொங்குவதில்லை. இவற்றுக்கு நிகரும் எளிதன்று, விலையும் எளிதன்று.

ஹர்ராவை ஆக்கியது இறைவனின் ஆணை. அதற்காக எவரிடமும் கணக்குக் கேட்க முடியாது. நெய்வேலியை ஆக்கியது நமது தேவை. ஆதலின் கணக்கு நம்மிடம் உண்டு. நிறுவனத்திடம் மட்டுமன்று, இந்த மின்சாரத்தில் விளக்கேற்றும் ஒவ்வொரு வீட்டிடமும், விசிறிக் காற்றில் கிதாபு ஓதும் எங்கள் மத்ரஸாவிடமும் உண்டு. "தீரவில்லை, மகனே" என்றேன். "காடு முதல் தவணை. மீதியைக் கடன் என்று நினைவில் வைத்திருப்பதே நம்மால் இன்று முடிந்தது. தேவையற்ற விளக்கை அணைப்பதும், நிலம் இழந்தவர் பேசும்போது செவி கொடுப்பதும் அக்கடனில் கழியும்."

அன்றிரவு விடுதியில் ஆளில்லாத அறைகளின் விளக்குகளைப் பிள்ளைகள் தாமாகவே அணைத்திருந்தனர்.