கழல மறுத்த மூட்டு

என் தாய்மாமனிடம் ஒரு பழைய லேண்ட்ரோவர் டிரக்கு இருந்தது. முன்னே மூவர் நெருங்கி அமரலாம். பின்னே சாமான் ஏற்றுவதற்குத் திறந்த பெட்டி. கேமரன் மலையை அறிந்த அன்பர்களுக்கு இவ்வண்டியைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக உலகுக்குக் காட்டப்பெற்ற வண்டியின் வழிவந்தது அது. மாமாவினுடையது மூன்றாம் வரிசை. அதாவது 1971-க்கும் 1985-க்கும் இடையே செய்யப்பட்ட வகை. அதன் மேனி அலுமினியக் கலவை; ஆதலின் துரு அதைத் தின்பதில்லை. ஆனால் அடிச்சட்டமும் சுக்கான் உறுப்புகளும் எஃகினால் ஆனவை. மழையும் மூடுபனியும் சேறும் ஓயாத ஊரில் எஃகின் கதி என்னவாகும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டு மாமாவுக்குப் பாரிசவாதம் கண்டது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆயினும் வலக்கையும் வலக்காலும் சொன்னபடி கேட்பதில்லை. எட்டு மாதம் வண்டி கொட்டகையில் கிடந்தது. மருந்துக்கும் பயிற்சிக்கும் பணம் வேண்டியிருந்தமையால் அதை விற்றுவிடத் தீர்மானித்தார்கள். காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் வாலிபர் ஒருவர் வந்தார். இஞ்சினை முடுக்கிப் பார்த்தார். நல்ல விலைக்குப் பேசி முன்பணமும் கொடுத்துச் சென்றார். சுக்கானைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

சுக்கானிலோ குறை இருந்தது. சக்கரத்தைக் கையால் திருப்பினால் நான்கு விரற்கடை தூரம் வெறுமனே ஆடிய பிறகுதான் முன் சில்லுகள் திரும்பத் தொடங்கும். அது மாமாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். “அவர் கேட்கவில்லையே, மாமா. பழைய வண்டி என்பது தெரிந்துதானே வாங்குகிறார்?” என்றேன். மாமா சிறிது நேரம் பேசாதிருந்தார். நோய்க்குப் பின் அவருடைய சொற்கள் மெதுவாகத்தான் வரும். “அவன் கேட்கவில்லை, தம்பி. ஆனால் வண்டியில் அவன் பிள்ளைகள் ஏறுமே” என்றார்.

பட்டறைக்கு அனுப்பலாம் என்றால், அங்கே கேட்ட கூலி விற்ற பணத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும்போல் இருந்தது. ஆகவே, ஈப்போவில் கணக்கெழுதிப் பிழைக்கும் நான் ஒரு வாரம் விடுப்பெடுத்துக்கொண்டு ரிங்லெட்டுக்குப் போனேன். மாமா நாற்காலியில் அமர்ந்து வழிசொல்ல, நான் வேலை செய்வது என்பது ஏற்பாடு.

இவ்வகை வண்டியின் சுக்கான் தண்டுகளில் ஆறு பால் ஜாயிண்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் எஃகு உருண்டை. அதிலிருந்து நீளும் ஒரு தண்டு. தண்டு நேராக இராது. நுனியை நோக்கிச் சற்றே கூம்பிப் போகும். அது நுழையும் துளையும் அதே அளவில் கூம்பியிருக்கும். அடியில் நட்டை முறுக்க முறுக்க, கூம்பு துளைக்குள் ஆப்புப்போல் இறுகிவிடும். மண்வெட்டிக் காம்பில் ஆப்பு அறைந்தவர்களுக்கு இது புதிதன்று. நேரான துளையாயின் எவ்வளவு நெருங்கச் செய்தாலும் மயிரிழை இடைவெளி இருந்தே தீரும். மேடுபள்ளத்தில் அடிபட்டு அடிபட்டு அந்த இடைவெளி பெருகும். கூம்பில் இடைவெளிக்கே இடமில்லை.

மாமாவின் மகள் சக்கரத்தை இடமும் வலமும் அசைக்க, நான் ஒவ்வொரு மூட்டாகக் கைவைத்துப் பார்த்தேன். மூன்றில் ஆட்டம் தெரிந்தது. புதியவை வாங்கி வந்தோம். ஜாக்கியால் தூக்கி, அதை மட்டும் நம்பாமல் தாங்கிகளை வைத்து, பின் சில்லுகளுக்குக் கட்டை முட்டுக்கொடுத்தோம். இவ்வளவும் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. முதல் இரண்டு மூட்டுகளும் அதிகத் தொந்தரவின்றிக் கழன்றன. மூன்றாவது இடப்புறச் சில்லருகே உள்ளது. அங்கேதான் என் கல்வி தொடங்கிற்று.

பின்னையும் நட்டையும் எடுத்தாகிவிட்டது. ஆனால் மூட்டு அசையவில்லை. இரட்டை நாக்குள்ள கவையை இடையே செருகி அறைந்தேன். ரப்பர் உறை கிழிந்து கருத்த கிரீஸ் என் முகத்தில் தெறித்ததே மிச்சம். மண்ணெண்ணெய் ஊற்றினேன், காத்திருந்தேன், மீண்டும் அறைந்தேன். பகல் கழிந்தது. மறுநாளும் பாதி கழிந்தது. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல் வர நேரமாயிற்று. அதற்குள் எனக்குச் சினம் மூண்டுவிட்டது. பெரிய சம்மட்டியை எடுத்து, தண்டின் மரையுள்ள நுனியிலேயே கீழிருந்து மேலாக ஓங்கி அடித்தேன். நான்கைந்து அடி. மூட்டு அசையவில்லை. ஆனால் மரை நுனி காளான் தலைபோல் நசுங்கிப் பரந்துவிட்டது. இனித் துளை வழியாக அது மேலே ஏறவும் ஏறாது. நட்டைத் திரும்பப் போடவும் இயலாது.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும் காலத்தில் ஒரு படிவத்தில் பாதுகாவலரின் தொழிலை எழுதச் சொன்னார்கள். தந்தையை இழந்த எனக்கு மாமாதான் பாதுகாவலர். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, லோரிக்குக் கையாளாகப் போய், பிறகு ஓட்டியாகி, பிறகு தம் கையாலேயே பழுது பார்க்கவும் கற்றவர் அவர். நான் அந்தக் கட்டத்தில் ‘வியாபாரம்’ என்று எழுதினேன். கையொப்பமிட வேண்டியவர் அவரே. அவருக்கு அந்த ஒரு சொல்லை வாசிக்கத் தெரியாதா என்ன? வாசித்தார், கையொப்பமிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய்ப் பிசுக்குள்ள கையைப் பற்றி நம்மவரில் படித்தவர்களுக்குள்ள அபிப்பிராயம் எத்தகையது என்பதற்கு வேறு எங்கும் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை, நானே சான்று. அந்தக் கை நாற்காலியில் செயலற்றுக் கிடக்க, அதன் வேலையை இரண்டு நாளில் செய்துவிடலாம் என்று நான் எண்ணியதும் அதே அபிப்பிராயத்தின் மற்றொரு கிளைதான்.

நிற்க. மூன்றாம் நாள் காலையில் மாமா என்னை அருகே அழைத்தார். “அது கழலவில்லை என்று ஏன் கோபப்படுகிறாய்? அது கழலாமல் இருந்தபடியால்தான் இத்தனை வருஷமும் நான் தாப்பாவுக்கு இறங்கி ஏறி வீடு வந்தேன்” என்றார். சற்று மூச்சு வாங்கி, “நேரே தள்ளாதே. பக்கத்தில் தட்டு” என்றார்.

நான் விளங்காமல் நின்றேன். அவர் இடக்கை விரல்களை வளையமாக்கிக் காட்டினார். பிறகு அந்த வளையத்தைச் சற்றே நசுக்கினார். அப்பொழுது விளங்கிற்று. தண்டை அடிப்பதில் பயனில்லை. தண்டைப் பிடித்திருக்கும் கண்ணை அடிக்க வேண்டும். பக்கவாட்டில் சுரீரென்று ஓர் அடி விழுந்தால், வட்டமான துளை கணப்பொழுது முட்டை வடிவாகும். அந்தக் கணத்தில் கூம்பின் பிடி தளரும். ஏற்கெனவே ஓர் இழுப்பு அதன்மேல் இருந்தால் அது வெளியேறிவிடும். இழுப்பு மட்டும் போதாது. அடி மட்டும் சில வேளை போதும். இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் தோல்வியில்லை. நெருப்பு வைத்துச் சூடேற்றலாமே என்று கேட்டேன். சுக்கான் உறுப்பைச் சிவக்கக் காய்ச்சினால் அதன் உரம் கெட்டுவிடும், பிறகு அதை நம்பக் கூடாது என்று தலையசைத்தார்.

நசுங்கிய நுனியை அரத்தால் ராவி ஒழுங்குபடுத்தவே காலை முழுதும் சென்றது. என் சினத்துக்கு நான் கட்டிய அபராதம் அது. நட்டை நான்கு சுற்று மட்டும் ஏற்றி வைத்தேன். அது மரையையும் காக்கும், தண்டு திடீரென விடுபட்டால் கம்பி கீழே விழாமலும் தாங்கும். முதல் நாளே அதைக் கழற்றாமல் விட்டிருக்க வேண்டும். பிறகு இழுவைக் கருவியைப் பூட்டி நன்றாக முறுக்கினேன். மாமாவின் மகள் கனத்த சுத்தியலொன்றைக் கண்ணின் ஒரு பக்கத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் செவிலியாக இருப்பவள். என் கைகளைவிட அவள் கைகள் நிதானமானவை. இருவரும் கண்ணாடி அணிந்துகொண்டோம், எஃகில் எஃகு மோதினால் சில்லு தெறிக்கும் என்பதனால்.

“அத்தான், என் விரலைப் பார்த்து அடியுங்கள்” என்றாள்.

முதலடி ‘தொப்’பென்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது அடியில் துப்பாக்கி வெடித்தாற்போல் ஓர் ஓசை எழுந்தது. கருவி கையில் தளர்ந்தது. தண்டு நட்டின்மேல் வந்து தங்கிற்று. இரண்டரை நாள் என்னை அழவைத்த மூட்டு அது. மாமா சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மீதி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறுக்குத் தண்டின் ஒரு முனையில் இடமரை, மறு முனையில் வலமரை. இதை அறியாதவன் அவிழ்ப்பதாக எண்ணி இறுக்கிக்கொண்டிருப்பான். நானும் பத்து நிமிஷம் அந்தத் தொண்டைச் செய்தேன். பழைய மூட்டு எத்தனை சுற்றில் வெளிவந்தது என்று எண்ணி எழுதிவைத்து, புதியதை அத்தனை சுற்றே ஏற்றினோம். கூம்பையும் துளையையும் எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்துப் பொருத்தினோம். பிறகு முன் சில்லுகளின் உள்நோக்கிய சாய்வை அளந்தோம். 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர் வரை முன்புறம் நெருங்கியிருக்க வேண்டும். கயிறும் கோலும் கொண்டு அளப்பதை மட்டும் நம்ப மாமா சம்மதிக்கவில்லை. வண்டியைக் கொடுக்கும் முன் கருவியுள்ள இடத்தில் ஒருமுறை சரிபார்க்கச் செய்தார். அதற்குக் கொடுத்த பணம் வீண் என்று நான் முணுமுணுக்கவில்லை.

நட்டின் குறுக்கே போடும் பின்னைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பின்கள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. அவற்றையே நிமிர்த்திப் போட எடுத்தேன். மாமா இடக்கையை நீட்டி அவற்றை வாங்கி, தோட்டத்துப் பக்கம் வீசிவிட்டார். சில காசு பெறாத அந்தக் கம்பித் துண்டு ஒருமுறை வளைந்தால் மறுமுறை நம்பத்தக்கதன்று. புதியவற்றை வாங்கிவர மூன்று மைல் போய்வந்தேன்.

வாலிபர் வரவேண்டிய நாளில், முன் சில்லை மாட்டுவதற்கு முன்பாக, நாற்காலியை அருகே கொண்டுவரச் சொன்னார் மாமா. இடக்கையை நீட்டி அந்த மூட்டைத் தொட்டார். நட்டின் பள்ளத்தில் பின் அமர்ந்திருப்பதை விரலால் தடவினார். ஒரு கால் வளைந்தது போதவில்லை போலும்.

“இன்னும் கொஞ்சம் மடக்கு, தம்பி.”

மடக்கினேன். மறுபடி தடவிப் பார்த்துவிட்டு, கிரீஸ் பட்ட விரலைத் தம் வலக்கையின்மேல் வைத்துத் துடைத்துக்கொண்டார்.