காருக்குப் பின்னால் ஷூ கட்டும் அமெரிக்கா... ஷூ தைக்கும் ஆம்பூர்... ஆடு தரும் ஒடுகத்தூர்!

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் ஒடுகத்தூரில் ஆடுகள் வந்து இறங்கிவிடும். ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் இந்தச் சின்னப் பேரூராட்சியை வேலூர் மாவட்டத்தில் யாரிடம் கேட்டாலும், முதலில் சொல்வது வாரச்சந்தையைத்தான். மலைக் கிராமங்களிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் வெள்ளாடும் செம்மறியும் வந்து நிற்கும். வியாபாரி பல்லைப் பார்ப்பார், முதுகை அழுத்திப் பார்ப்பார், இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார். எத்தனை கிலோ கறி தேறும் என்பது அந்தத் தூக்கலிலேயே தெரிந்துவிடும்!

பக்ரீத், தீபாவளிக்கு முன்பு சந்தை களைகட்டுவது எல்லோருக்கும் தெரியும். கல்யாணக் கணக்கு தனி. பக்கத்திலேயே ஆம்பூர் இருக்கிறதே! முஸ்லிம் வீடு என்றால் நிக்காஹ் முடிந்ததும், கிறிஸ்தவ வீடு என்றால் சர்ச்சிலிருந்து திரும்பியதும், இந்து வீடுகள் பலவற்றில் தாலி கட்டிய பிறகு ஒருநாள் கறி விருந்தாகவும் சீரகச் சம்பா பிரியாணி தம் போடப்படும். தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய்த் தொக்கு. 'குடும்பத்துடன் வருக' என்று பத்திரிகையில் அச்சடித்துவிட்டு எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ண முடியுமா? அதனால் அண்டாவில் எப்போதும் கொஞ்சம் கூடவே வேகும்.

அமெரிக்காவில் இது நடக்காது. அங்கே பாரம்பரியக் கல்யாணப் பத்திரிகையோடு ஒரு பதில் அட்டையும் வரும். வருகிறீர்களா, எத்தனை பேர், சாப்பாட்டில் கோழியா மீனா என்பதையெல்லாம் குறித்து அனுப்ப வேண்டும். நாற்காலியில் பெயர் இருக்கும். நூற்றுச் சொச்சம் பேர் வந்தாலே நல்ல கூட்டம். முந்தைய இரவே ஒத்திகை விருந்து நடக்கும். மறுநாள் அப்பா மகளின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்து மாப்பிள்ளையிடம் ஒப்படைப்பார். நம் ஊர் கன்னிகாதானத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாகவே இருக்காது. சர்ச் வாசலில் தம்பதி மீது அரிசி வீசும் பழக்கமும் அவர்களுக்கு உண்டு. மஞ்சள் தடவாத அட்சதை!

சொல்லப்போனால், இந்தப் பகுதிக்கு அமெரிக்கர்கள் புதியவர்களே அல்ல. ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் 1853-ல் அமெரிக்கன் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அதே குடும்பத்தின் ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. ஆம்பூர் பக்கம் வேலை செய்தது, அமெரிக்காவின் மிசௌரி லூத்தரன் மிஷன். இன்று இந்த ஊர்களின் சர்ச் கல்யாணங்களில் மணப்பெண் வெள்ளைப் புடவை கட்டி, தலையில் வலை முக்காடு அணிந்து, கையில் பூங்கொத்தோடு வருவார். கேக் வெட்டுவார்கள். ஆனால் தாலியை விடவில்லை. சிலுவையோ புறாவோ பதித்த தாலி கழுத்தில் ஏறினால்தான் வீட்டுப் பெரியவர்களுக்குத் திருப்தி. வெள்ளை உடைக்கூட அமெரிக்காவின் கண்டுபிடிப்பு இல்லை. 1840-ல் இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி தன் கல்யாணத்துக்கு வெள்ளை அணிந்த பிறகு பரவிய ஃபேஷன் அது.

மோதிரம் மாற்றுவது 'வெள்ளைக்காரன் பழக்கம்' என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். சுயமரியாதைத் திருமணத்துக்காக 1967-ல் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி, இரு இந்துக்கள் உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லி மோதிரம் அணிவித்தாலும் திருமணம் செல்லும். தாலி கட்டாயமில்லை.

இனி ஷூவுக்கு வருவோம். அமெரிக்கப் புதுமணத் தம்பதி கிளம்பும் காரின் பின்னால் காலி டப்பாக்களோடு பழைய ஷூக்களையும் நண்பர்கள் கட்டிவிடுவார்கள். அதற்கு முந்தைய காலத்தில், கிளம்பும் வண்டியின் மீது பழைய செருப்பை எறிந்தே வாழ்த்தினார்கள். நம் ஊரில் இதைச் செய்தால் சம்பந்தி சண்டைதான்! இங்கே மணமேடை ஏறும் முன் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். பிராமணக் கல்யாணத்தின் காசி யாத்திரையில் மட்டும் குடை, தடியோடு செருப்புக்கும் ஓர் இடம் உண்டு.

அந்த ஷூ எங்கிருந்து வருகிறது? ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு வட்டாரத்துத் தோல் ஷாப்புகளிலும் ஷூ கம்பெனிகளிலும் உருவாகும் லெதர் ஷூக்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறுகின்றன. ஷூவின் மேல்பகுதியைத் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலை இருட்டில் கம்பெனி பஸ் வந்து கிராமம் கிராமமாக அவர்களை ஏற்றிக்கொள்ளும். கல்யாணமாகாத பெண்களில் பலருக்கு அந்தச் சம்பளம்தான் நகைச்சீட்டு.

அந்தச் சீட்டுக் கணக்கைக் கலக்கியது 2025. ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவிகித வரி விதித்தது. தோல் பொருள்களும் அதில் அடக்கம். ஆர்டர் குறைந்தால் முதலில் போவது ஓவர்டைம், அடுத்தது ஷிஃப்ட். அதே ஆண்டு டிசம்பரில் சென்னையில் ஒரு சவரன் தங்கம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. வருமானம் ஆட்டம் காணும்போது தாலிச் செயினின் விலை ஏறினால், கல்யாணத் தேதியைத் தள்ளுவதா, சவரனைக் குறைப்பதா? அமெரிக்காவில் மரபுப்படி கல்யாணச் செலவு பெண்ணின் அப்பாவுடையது. இங்கே பல வீடுகளில் அதைத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து மகளே சம்பாதிக்கிறாள்.

சந்தையைப் பார்க்க விரும்புபவர்கள் வேலூரிலிருந்து அணைக்கட்டு வழியாக ஒடுகத்தூருக்கு வரலாம். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வருபவர்களுக்கு மாதனூரில் திரும்பினால் சாலை இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள். வெயில் ஏறும்போது நல்ல ஆடுகள் எல்லாம் வேன் ஏறியிருக்கும்.