இருபத்தோரு நிமிடம்

காரைக்காலில் பிறந்து வளர்ந்தவன் நான். என் வீட்டிலிருந்து கடற்கரை நடந்து செல்லும் தொலைவுதான். ஆயினும், ஒரு மீன்பிடிப் படகு மணிக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்ற கேள்வி நாற்பது வயதைக் கடந்த பின்னரே எனக்குள் எழுந்தது. அதுவும் அறிவு வேட்கையால் எழுந்ததன்று, பணத்தால் எழுந்தது.

கிளிஞ்சல்மேட்டில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் இருவரும் ஒரே வகுப்பில் வரலாறு படித்தோம். பட்டம் பெற்ற பின் நான் மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க வந்துவிட்டேன். அவர் தம் தந்தையின் கட்டுமரத்துக்குத் திரும்பினார். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை அந்தக் கட்டுமரத்தைக் கொண்டு போயிற்று. அதன் பிறகு இக்கரையோரம் முழுவதும் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. நண்பருக்கும் 28 அடி நீளப் படகு ஒன்றும், 9.9 குதிரைத்திறன் கொண்ட வெளிப்பொருத்து மோட்டார் ஒன்றும் வாய்த்தன. இப்போது முழங்கால் வலியால் அவர் கடலுக்குச் செல்வதில்லை. இருபத்திரண்டு வயது மகன்தான் மூன்று பேரோடு சென்று வந்தான்.

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது நண்பர் பள்ளிவாசல் தெருமுனையில் நின்றிருந்தார். தயக்கம் அவர் முகத்திலேயே தெரிந்தது.

“பையன் 25 குதிரை மோட்டார் வேண்டும் என்கிறான் பாய். பழையதை விற்றாலும் ஒரு இலட்சம் குறைகிறது. வட்டிக்கு வாங்க எனக்கு மனம் இல்லை.”

அந்த ஒரு இலட்சம் என்னிடம் இருந்தது. வீட்டின் மேற்கூரையைச் செப்பனிடுவதற்காக என் மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. உடனே ‘சரி’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆசிரியனுக்கே உரிய குறை ஒன்று என்னிடம் உண்டு. எதையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் என் கை நீளாது. “புதிய மோட்டார் எவ்வளவு வேகமாகப் போகும்?” என்று கேட்டேன். “நீங்களே ஒருநாள் வந்து பாருங்கள்” என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போனேன். நண்பரின் மகன் தன் கைப்பேசியில் வேகங்காட்டியை இயக்கி என்னிடம் தந்தான். கடலில் வேகத்தை ‘நாட்’ என்னும் அளவால் குறிக்கிறார்கள். மணிக்கு ஒரு கடல் மைல் சென்றால் அது ஒரு நாட். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு ‘முடிச்சு’ என்பதே பொருள். பழைய கப்பலோட்டிகள் கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சிட்டு, ஒரு பலகைத் துண்டைக் கட்டிக் கடலில் எறிந்து, மணற்கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சுகள் கைநழுவிச் செல்கின்றன என்று எண்ணியதால் வந்த பெயர் அது. ஆனால் கிளிஞ்சல்மேட்டில் யாரும் கடல் மைலைச் சொல்வதில்லை. “இரண்டு மணி ஓட்டம்”, “மூன்று மணி ஓட்டம்” என்று நேரத்தாலேயே தூரத்தைச் சொல்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்குப் பதினைந்தாம் நூற்றாண்டின் அரபு மாலுமி இப்னு மாஜித் நினைவுக்கு வந்தார். அவர் காலத்து அரபு மாலுமிகளும் கடல் தூரத்தை ‘ஸாம்’ என்ற அளவால்தான் குறித்தனர். ஒரு ஸாம் என்பது மூன்று மணி நேரக் கப்பலோட்டம். நம் தமிழில் ஏழரை நாழிகை கொண்ட ‘சாம’மும் அதே மூன்று மணி நேரம்தான். ஒலியும் ஒன்று, அளவும் ஒன்று! மரைக்காயர் கப்பல்கள் போய்வந்த கரையில் இருந்துகொண்டு இதை இத்தனை ஆண்டுகள் எண்ணிப் பாராமல் இருந்தேனே என்று வியந்தேன்.

சொல்ல வந்ததை விட்டு எங்கோ போகிறேன். முதலில் வெறும் படகாக ஓட்டினோம். பழைய 9.9 மோட்டார் 8 நாட் காட்டியது. அதாவது மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எங்கள் தெருப் பையன்கள் சைக்கிளில் அதைவிட விரைவாகப் போவார்கள். பின்னர் அவர்களுடைய உறவினர் ஒருவரின் படகில் ஏறினோம். அதுவும் 28 அடிதான். மோட்டார் மட்டும் 25 குதிரை. அது 11 நாட் காட்டியது. பையனின் முகம் மலர்ந்தது. “இப்போது வலையையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றி, நான்கு பேரோடு ஓட்டு” என்றேன். அப்போது பழையது 6.5, பெரியது 8. மோட்டாரின் திறன் இரண்டரை மடங்கு. வேகமோ ஒன்றே கால் மடங்குகூட இல்லை!

இதன் காரணத்தைப் பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். 1870களில் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் வில்லியம் ஃப்ரூட் என்னும் பொறியாளர் தம் வீட்டருகே நீண்ட தொட்டி கட்டி, சிறு கப்பல் உருவங்களை இழுத்துப் பார்த்து இதை ஆராய்ந்தார். படகு ஓடும்போது முன்னே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடுகிறது. அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமானதும், படகு தான் எழுப்பிய அலைக்கே கைதியாகிவிடுகிறது. முன்புறம் ஒரு மேடு, பின்புறம் ஒரு மேடு, நடுவே ஒரு பள்ளம். அதற்கு மேல் விரைய வேண்டுமானால் தானே கட்டிய மேட்டில் தானே ஏற வேண்டும்! நீர்மட்டத்தில் படகின் நீளம் எத்தனை அடியோ அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை கிடைக்கும். நண்பரின் படகு நீரைத் தொடும் நீளம் ஏறத்தாழ 25 அடி. வர்க்கமூலம் 5, எல்லை 6.7 நாட். கைப்பேசி காட்டிய 6.5க்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். அடிப்பாகம் நீர்மேல் எழும்பிச் சறுக்கும் இலேசான படகுகளுக்கு இவ்விதி பொருந்தாது. சுமையேற்றிய மீன்படகு அவ்வாறு எழும்புவதில்லை.

அன்றிரவு ஒரு தாளில் கணக்கை எழுதினேன். அவர்கள் வலை விடும் இடம் 12 கடல் மைல். 6.5 நாட்டில் ஒரு மணி 51 நிமிடம். 8 நாட்டில் ஒரு மணி 30 நிமிடம். மிச்சம் 21 நிமிடம். முழு வேகத்தில் பழைய மோட்டார் மணிக்கு நாலரை லிட்டர் குடிக்கிறது, பெரியது பதினொன்றரை லிட்டர். ஒரு வழிக்கே ஒன்பது லிட்டர் கூடுதல். போக வரப் பதினெட்டு லிட்டர். நாளொன்றுக்கு 1,700 ரூபாய்க்குக் குறையாது. தாளை நண்பரிடம் நீட்டி, “21 நிமிடத்துக்கு இவ்வளவு கொடுக்க வேண்டுமா?” என்று கேட்டேன். அவர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “நீங்கள் சொல்வது சரிதான் பாய்” என்று மடித்துத் திருப்பித் தந்தார். பையன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டான்.

அவனுடைய மனநிலை எனக்குப் புரியாமலில்லை. அரசலாற்று முகத்துவாரத்தின் மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகளை அவன் நாள்தோறும் பார்க்கிறான். இழுவைமடியை இழுக்கும்போது அவை மூன்று நாட் அளவில்தான் ஊர்கின்றன. அங்கே குதிரைத்திறன் இழுப்பதற்கே தவிர விரைவதற்கன்று. ஆனால் களத்துக்குப் போகவும் வரவும் வேகம் தேவை என்று, அதிவேக எஞ்சின்கள் ஒவ்வொரு படகாகப் பரவின. அண்டையிலுள்ள தமிழ்நாட்டில், 2020ஆம் ஆண்டின் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் 240 குதிரைத்திறனை உச்ச வரம்பாக வைத்தன. எனினும் அதிவேக எஞ்சின் என்ற பெயரில் ஊருக்கும் ஊருக்கும் மூண்ட பூசல் ஓயவில்லை. வேகம் உயிரைக் காக்குமா என்றால் அதற்கும் எல்லை உண்டு. 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே காரைக்கால் படகின் மீது இலங்கைக் கடற்படையினர் சுட்டதில், படகிலிருந்த 13 பேரில் இருவர் பலத்த காயமடைந்தனர். விசைப்படகு எவ்வளவு முடுக்கினாலும் பத்துப் பன்னிரண்டு நாட்; கடற்படையின் அதிவேகத் தாக்குதல் படகோ 40 நாட்டுக்கு மேல் ஓடக்கூடியது.

அது பின்னால் நடந்தது. எங்கள் கதைக்கு வருகிறேன்.

2023 அக்டோபரில் ஒரு நாள் காலை மத்ரஸா வகுப்பு முடியும் நேரத்தில் நண்பரிடமிருந்து அழைப்பு வந்தது. எட்டு மணிக்குக் கரை சேர வேண்டிய படகு ஒன்பதரை ஆகியும் வரவில்லை. கைப்பேசி எட்டவில்லை. நான் கிளிஞ்சல்மேட்டுக்குச் சென்றபோது வடகிழக்கில் வானம் கறுத்திருந்தது. ஊர்ப் பெண்கள் மணலில் கூடியிருந்தார்கள். தேடுவதற்கு இரண்டு படகுகள் தெற்கு நோக்கிப் போயிருந்தன. அப்பருவத்தில் நீரோட்டம் தெற்கே இழுக்கும்.

நண்பர் என்னை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவருடைய மனைவி ஒருமுறை மட்டும் என்னை ஏறிட்டுப் பார்த்தார். என் சட்டைப்பையில் இருந்ததோ இல்லையோ, அந்தக் கணக்குத் தாள் என் நெஞ்சில் கனத்தது. 21 நிமிடம், 21 நிமிடம் என்று மனம் அடித்துக்கொண்டது. 12 மைலுக்கு 21 நிமிடம் என்றால், புயல் துரத்தும்போது அந்த 21 நிமிடத்தின் விலை என்ன? அதை நான் எந்த வரியிலும் எழுதவில்லையே. கைகளை ஏந்தி துஆ கேட்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

லுஹர் பாங்கு ஊருக்குள்ளிருந்து காற்றில் மெலிதாக வந்து சேர்ந்த நேரத்தில், யாரோ “வருது, வருது” என்று கூவினார்கள். தெற்கேயன்று, நேர் கிழக்கே ஒரு புள்ளி. அது கரை சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. நால்வரும் நலமாக இருந்தார்கள், அல்ஹம்து லில்லாஹ்.

நடந்தது இதுதான். கடலில் மிதந்த அறுந்த வலைத்துண்டு ஒன்று மோட்டாரின் விசிறியில் சுற்றிக்கொண்டது. வலையை அறுத்து எடுத்துவிட்டார்கள். ஆனால் விசிறிக்குள் இருக்கும் ரப்பர் புஷ் நழுவிவிட்டது. மோட்டார் உறுமும், விசிறி சுழலாது. மிக மெதுவாக வைத்தால் மட்டும் சற்றே பிடித்துச் சுழலும். அப்படியே 2 நாட்டில், மனிதன் நடப்பதைவிட மெதுவாக, 12 மைலையும் ஆறு மணி நேரத்தில் கடந்து வந்திருக்கிறார்கள். நீரோட்டம் தெற்கே தள்ளும் என்று அறிந்து, அணியத்தை வடக்கே திருப்பிப் பிடித்தே வந்தானாம் பையன்.

25 குதிரை மோட்டாராக இருந்தாலும் அந்தப் புஷ் நழுவியிருக்கும் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான். ஆயினும் அன்று கரையில் நின்ற மூன்று மணி நேரத்தில் எனக்கு அது தெரியாது.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். “கூரை இன்னும் ஒரு மழை தாங்கும்” என்றார் என் மனைவி. மறுநாள் பணத்தை எடுத்துச் சென்றேன். நண்பர் முழுவதையும் வாங்க மறுத்து, 45,000 மட்டும் பெற்றுக்கொண்டார். அதில் கூடுதலாக இரண்டு விசிறிகளும், படகில் துணைக்கு வைத்துக்கொள்ளப் பழைய சிறு மோட்டார் ஒன்றும் வாங்கினார்கள். மாதந்தோறும் பையனே வந்து தவணையைத் தந்தான்.

கடைசித் தவணையைத் தந்த அன்று அவன் உடனே புறப்படவில்லை. “அந்தக் கணக்குத் தாள் இருக்கா மாமா?” என்று கேட்டான். குறிப்பேட்டில் மடித்து வைத்திருந்தேன்; எடுத்துக் கொடுத்தேன். அவன் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் விரித்தான். நாற்பது நாள் எழுதியிருந்தான். ஒவ்வொரு நாளும் முதலில் கரை சேர்ந்த படகின் நேரம், அதன் மீனுக்கு விழுந்த ஏலவிலை. தன் படகு சேர்ந்த நேரம், தனக்கு விழுந்த விலை. வண்டிகள் நிரம்பிய பின் ஏலம் எப்படி இறங்குகிறது என்பது நாள்வாரியாக அதில் இருந்தது.

“நீங்க போக வர இரண்டுக்கும் முழு வேகம் போட்டிருக்கீங்க மாமா. போகும்போது எதுக்கு அவசரம்? மெதுவா முடுக்கினா பெரிய மோட்டாரும் இவ்வளவு குடிக்காது. வரும்போது மட்டும்தான் எனக்கு அந்த 21 நிமிடம் வேணும்.”

அவன் சொன்னதில் பிழை காண முடியவில்லை. தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும் என்பதை நானே படித்திருந்தேன்; 8 நாட்டிலிருந்து 9க்குப் போக நூற்றுக்கு நாற்பது கூடும் என்றால், குறைக்கும்போதும் அதே விகிதத்தில்தானே மிச்சமாகும்? இரவு பிள்ளைகள் உறங்கிய பின் அந்த நாற்பது நாளையும் ஒவ்வொன்றாகக் கூட்டினேன். பதினேழு நாள்களில், விலையில் அவன் இழந்த தொகை எரிபொருட் செலவை மிஞ்சியிருந்தது.

அடுத்த சீட்டு எப்போது எடுக்கலாம் என்று மனைவியிடம் கேட்டிருக்கிறேன்.