சாயத்தண்ணியும் ஒரு பிழைதிருத்தமும்

2018 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அப்புத்தளைக்குப் போயிருந்தேன். ஆசிரியராக இருந்துகொண்டே எமது பத்திரிகைக்குப் பல ஆண்டுகள் மலையகச் செய்திகளை அனுப்பிய நண்பர் ஒருவரின் ஊர் அது. தமது பெயரை எழுத வேண்டாம் என்றார். ஆகவே நான் வழமையாக அழைக்கும் 'மாஸ்டர்' என்பதே இங்கும் போதும். "ஒருக்கா வந்து சாயத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்று அவர் பல தடவை அழைத்தும் நான் போகவில்லை. போக மனம் ஒப்பாததற்கு ஒரு காரணம் இருந்தது.

கொழும்பிலே பிளேன்ரீ என்று நாம் கேட்பதுதான் மலையகத்தில் சாயத்தண்ணி. மாஸ்டரின் மனைவி அதனுடன் தேங்காய் ரொட்டியும் இடித்த சம்பலும் கொண்டுவந்து வைத்தார். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் உலர்காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி வாசனையைத் தருகிறது. "நல்ல காலத்தில்தான் வந்திருக்கிறீங்க. ஆனா நாங்க சின்ன வயசில் குடிச்சது டஸ்ட் தூள்தான். நல்ல தூளெல்லாம் கப்பலுக்குப் போயிரும்" என்று சிரித்தார் மாஸ்டர்.

பின்னர் முச்சக்கர வண்டியில் தம்பேதன்னைத் தோட்டத்துக்குச் சென்றோம். 1890 இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் வாங்கிய தோட்டங்களுள் அது ஒன்று. அவர் அமர்ந்து தமது தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் மலைமுகட்டுக்கு உல்லாசப் பயணிகள் ஏறிக்கொண்டிருந்தனர். நாங்களும் ஏறினோம். மேலே போய்ச் சேர்வதற்குள் முகில் வந்து மூடிவிட்டது. இறங்கி வருகையில் மாஸ்டர் ஒரு லயத்தைக் காட்டினார். "அந்தக் கடைசிக் காம்பராவில்தான் நானும் அக்காவும் பிறந்தோம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கில் எடுத்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்த மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. மாஸ்டரின் தந்தை இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தார். அக்காவின் கணவர் குடும்பத்தார் இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தனர். குடும்பம் இரண்டாயிற்று.

மாலையில் அப்புத்தளை ரயில் நிலையத்துக்கு நடந்தோம். 1981 இல் அக்கா அங்கிருந்துதான் தலைமன்னாருக்குப் புறப்பட்டார். அந்த ரயில்களை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றே அழைத்தனர். அன்றைய பிரிவைப் பற்றி மாஸ்டர் நான்கு பக்கங்களில் எழுதி அனுப்பியிருந்தார். ஜன்னலைப் பிடித்தபடி ரயிலோடு ஓடிய ஒரு தாயைப் பற்றியும் அதில் இருந்தது. அது தம் தாய் என்று அவர் எழுதவில்லை. அன்று பக்கத்தில் இடமில்லை; கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. ஆசிரியபீடத்தில் அந்த நான்கு பக்கங்களையும் மூன்று வரிகளாக்கி, 'தோட்டக் குடும்பங்கள் தாயகம் திரும்பின' என்று தலைப்பிட்டவன் நான். யாருடைய கதை அது என்பது பல ஆண்டுகளின் பின்னர் வேறொரு நிருபர் மூலமே எனக்குத் தெரியவந்தது.

நிலையத்துக்கு அருகிலிருந்த கடையில் மறுபடியும் சாயத்தண்ணி வாங்கிக் குடித்தோம். அங்கேதான் அதைச் சொன்னேன்.

"தெரியும் தம்பி. அந்த நாளில் அந்த மேசையில் வேறு யார் இருந்தது?" என்றார் அவர். சிறிது நேரம் கழித்து, "வெட்டினது பரவாயில்ல. இடமில்லாட்டி என்ன செய்யிறது? அந்தத் தலைப்புத்தான். அக்கா பிறந்தது இங்க. திரும்பிப் போறதுக்கு அங்க அவளுக்கு என்ன இருந்தது?" என்று கேட்டார்.

அக்காவுக்கு நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென அமைக்கப்பட்ட அரச தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அங்கும் கொழுந்துக் கூடைதான். இங்கே குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதப்பட்டவரை அங்கே 'சிலோன்காரி' என்று அழைத்தார்கள். 1984 இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோனது. தாயின் மரணத்துக்கு அவரால் வர முடியவில்லை.

மாஸ்டர் எனது கோப்பைக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். நான் தடுத்தும் கேட்கவில்லை.

பத்திரிகையில் பிழை நேர்ந்தால் மறுநாளே திருத்தம் போடுவது வழக்கம். நான் பல திருத்தங்கள் போட்டிருக்கிறேன். இதை மட்டும் போடவில்லை. இப்போது போடுகிறேன். 1981 இல் வெளியான அந்தச் செய்தியின் தலைப்பில் 'தாயகம் திரும்பின' என்றிருப்பதைத் 'தாயகத்தைப் பிரிந்தன' என்று வாசகர்கள் திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறேன்.